செடானா, வேகனா? சக்கர நாற்காலியும் கைக்குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு எது பொருந்தும்?

பட்டர்வொர்த் வாசகர் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாசில். ஆகவே வாரத்தில் ஐந்து நாளும் காலையிலும் மாலையிலும் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக ஓட்டிய சிறிய காரை இந்த ஆண்டு மாற்றியே ஆக வேண்டும். வீட்டில் நான், மனைவி, ஏழு வயது மகன், பத்து மாதக் கைக்குழந்தை, முழங்கால் தேய்மானத்தால் வெளியே போகும்போதெல்லாம் சக்கர நாற்காலியை நம்பியிருக்கும் என் அம்மா என ஐந்து பேர்.

1.5 லிட்டர் புதிய செடான், அதாவது பொருள் வைக்கும் பூட் பின்னால் தனியாக மூடியிருக்கும் கார், வாங்கலாம் என்கிறார் மனைவி. எனக்கோ, தெரிந்தவர் ஒருவர் விற்கவிருக்கும் 1.8 லிட்டர் ஜப்பானிய ரீகண்டிஷன் (அங்கே ஓடியபின் இங்கே இறக்குமதியான) வேகன் மீது கண்; கூரை பின்கதவு வரை நீளும் கார் அது. வயதான வண்டிதான், ஆனால் நன்றாகப் பராமரித்திருக்கிறார். மலேசியாவில் புதிய வேகன் கிடைப்பது அரிது என்பதால், இதை விட்டால் இன்னொன்று அமையுமா என்று தயங்குகிறேன். நாற்காலி, குழந்தையின் தள்ளுவண்டி, வாரத்துக்கான சாமான்கள் அனைத்தும் ஒரே பயணத்தில் ஏற வேண்டும். ஓட்டிப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

ஜெலுத்தோங் வாசகர்:

வணக்கம். பத்தாண்டுகளுக்கும் மேலாக வேகன் ஓட்டுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஒரே மாடலின் செடானையும் வேகனையும் பக்கத்தில் நிறுத்தினால், உட்காரும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு பின்னிருக்கைக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. ஆகவே அம்மா ஏறி இறங்குவதற்கு வேகன் கூடுதல் வசதி எதையும் தராது.

பொருள் ஏற்றுவதில்தான் வேகன் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஹோண்டா சிட்டி செடானின் பூட் 519 லிட்டர், பெரோடுவா பெசாவின் பூட் 508 லிட்டர். கேட்பதற்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலி தண்ணீர் அல்ல, ஊற்றி நிரப்புவதற்கு. பூட்டின் வாய் எவ்வளவு அகலம், மூடியைத் தாங்கும் வளைந்த கைகள் மூடும்போது எங்கே இறங்குகின்றன, விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பவற்றைப் பொறுத்துத்தான் நாற்காலி உள்ளே போகும். பதினைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு நாற்காலியை விளிம்புக்கு மேல் தூக்கிப் பிறகு குழிக்குள் இறக்குவது ஒரு வேலை; வேகனின் சமதளத்தில் அப்படியே தள்ளிவிடுவது வேறு வேலை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது பாற்குடங்களை நிமிர்த்தி வைத்து, மாலைகளைக் குளிரூட்டியின் காற்றிலேயே கொண்டுபோகிறோம். செடானின் சூடேறிய பூட்டில் அவை வாடிவிடும்.

சாலை வரியிலும் ஒரு நன்மை உண்டு. தீபகற்ப மலேசியாவில் வேகனுக்கும் செடானின் கட்டணம்தான். 1.5 லிட்டருக்கு 90 ரிங்கிட். அதே இயந்திரம் எம்பிவியில் (பலர் அமரும் உயரமான குடும்ப வண்டியில்) இருந்தால் 120 ரிங்கிட். உங்கள் 1.8 லிட்டருக்கு அதிகம் போனால் 280 ரிங்கிட் வரும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்:

மேலே சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் வாங்கப்போவது பொதுவாக ஒரு வேகனை அல்ல, வயதான ஒரு குறிப்பிட்ட வேகனை. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. இயந்திரத்துக்கு உதிரிபாகம் எளிதில் கிடைத்தது. பின்கதவின் கண்ணாடி உடைந்தபோதுதான் சிக்கல். செடானுக்குப் பொருந்தும் பாகம் அதற்குப் பொருந்தவில்லை. பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் ஏழு வாரம் தேடினேன். அதுவரை பிளாஸ்டிக் தாள் ஒட்டித்தான் ஓட்டினேன். உரிமை மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பகோம் செய்யும் சோதனையில் தேறிவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சேஸி (வண்டிச் சட்டக) எண்ணும் இயந்திர எண்ணும் சரியாக இருந்தால் கியர் பெட்டியும் நலமாக இருக்கும் என்று பொருளல்ல. உங்களுக்குப் பழக்கமான பட்டறைக்காரரிடம் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகனில் பொருளும் மனிதரும் ஒரே அறையில் பயணிக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஜூன் மாதத்தில் பாலேக் பூலாவிலிருந்து ஒரு கூடை டுரியான் ஏற்றி வந்தால் ஒரு வாரத்துக்கு அந்த மணத்தோடுதான் வேலைக்குப் போவீர்கள். பாலத்தின் சக்கர இரைச்சலும் செடானில் கேட்பதைவிடக் கூடுதலாகக் கேட்கும். முக்கியமாக, திடீரென்று பிரேக் அடித்தால் இருக்கையின் முதுகை விட உயரமாக அடுக்கியவை குழந்தையின் தலையை நோக்கி வரும். கொக்கியில் பட்டை போட்டுக் கட்டும் பழக்கம் இல்லையென்றால் வேகன் வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகி:

தம்பி, என் மாமியாருக்கும் நாற்காலி உண்டு, அதனால் எழுதுகிறேன். 2020 ஜனவரி 1 முதல் குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். பத்து மாதக் குழந்தையைப் பின்னோக்கித்தான் அமர்த்த வேண்டும். அந்த இருக்கை முன்னிருக்கையை முன்னுக்குத் தள்ளிவிடும். பின்னால் அம்மாவும் மகனும் உட்கார்ந்துவிட்டால் எந்த இருக்கையையும் மடக்க முடியாது. அதாவது, பின்னிருக்கையை மடக்கினால் கிடைக்கும் என்று வேகனைப் பற்றிச் சொல்லும் பெரிய இடம் ஐவரும் போகும் நாளில் உங்களுக்கு இல்லை. அந்த அளவை ஒதுக்கிவிட்டு, இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது என்ன ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். நாற்காலியையும் தள்ளுவண்டியையும் கையோடு கொண்டுபோங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பட்டர்வொர்த் வாசகர்:

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி சனிக்கிழமை இரண்டையும் கொண்டுபோனேன். செடானில், கால்தாங்கிகளைக் கழற்றிய பிறகு நாற்காலி படுக்கைவாக்கில் போயிற்று. தள்ளுவண்டியை மேலே வைத்தபோது மூடி நான்கு விரற்கடை திறந்தே நின்றது. வேகனில் இரண்டும் பக்கம் பக்கமாக நின்று, சாமான் பைகளுக்கும் இடம் இருந்தது. ஆனால் பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கியர் பெட்டியில் எண்ணெய் கசிவதைக் காட்டினார். தினமும் பாலம் கடக்க வேண்டிய எனக்கு அது பெரிய கவலை. மனைவியுடன் பேசி, செடானுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். இப்போதிருக்கும் தள்ளுவண்டியை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, குடை அளவுக்கு மடங்கும் ஒன்றை வாங்குகிறோம்.