மூக்கை மாற்றிக்கொள்ள வந்த பெண்களிடம் நான் கேட்ட கேள்வி

மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றி இங்கே, அதைச் செய்துகொண்டவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் உங்கள் அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் வருபவர்களிடம் பேசி விவரங்களைக் குறித்துக்கொள்வது என் பொறுப்பு. அழகுக்காகக் கத்தி வைத்துக்கொள்ள வரும் இளம்பெண்கள் பகட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் என்ற எண்ணத்தோடுதான் சேர்ந்தேன். அந்த எண்ணம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

என் நினைவில் ஆழமாகத் தங்கியவள் பத்தொன்பது வயது மாணவி. சரளமாகப் பேசினாள், சிரிப்பு வந்தால் மட்டும் வலது கை தானாக எழுந்து மூக்கை மறைத்தது. எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டபோது, எட்டாம் வகுப்பில் உடன்படித்தவன் வைத்த பட்டப்பெயரைச் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பிறகு கைப்பேசியைத் திறந்து காட்டினாள். எல்லாம் கையை நீட்டி எடுத்த செல்ஃபிகள், பலவற்றில் மூக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம். முகத்துக்கு 30 சென்டிமீட்டர் தொலைவில் கேமராவைப் பிடித்தால், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுக்கும் படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. முகத்தில் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான். இதை விளக்கிவிட்டு, அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசை அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். "ஒரு வருஷம் கழிச்சு வரேன், சிஸ்டர்" என்று சொல்லிப் போனாள். நான் அங்கே இருந்தவரை வரவில்லை.

எல்லோரையும் அப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதல்ல என் எண்ணம். சிறுவயதில் விழுந்து மூக்கு வளைந்துபோன ஒருவர், வீட்டில் மூச்சுத் திணறலை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். "மூச்சும் வேணும், நேரான மூக்கும் வேணும், ரெண்டாவதைச் சொல்ல ஏன் கூச்சப்படணும்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அறுவை சிகிச்சை முடிந்ததும் மூக்கு அசையாமலிருக்க அதன் மேல் வைத்த அச்சை ஒரு வாரத்தில் எடுத்தபோது வீங்கிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டார். நுனியின் வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டுகூட ஆகலாம் என்பதை முன்பே சொல்லியிருந்தும் அந்த நொடியில் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. பின்னாளில் அவர் வருந்தவில்லை.

மூன்றாமவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஏற்கெனவே மூன்று சிகிச்சைகள் செய்திருந்தார். ஒன்று சரியானதும் அடுத்த குறை தெரிந்தது. பிறர் கண்ணுக்குப் படாத குறை ஒருவரை நாள் முழுவதும் வதைக்கும் இந்த நிலையை இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிகோ மொர்செல்லி 1891-லேயே பதிவுசெய்திருக்கிறார். பாடி டிஸ்மார்பிக் டிஸ்ஆர்டர் என்று இன்று அழைக்கப்படும் இதற்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. மனநலச் சிகிச்சையும் மருந்தும்தான் உதவுகின்றன. எங்கள் மருத்துவர் மறுத்து, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். வந்தவர் கோபத்தோடு எழுந்து போனார். இன்னும் பொறுமையாகப் பேசியிருக்கலாமோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அதன்பின் வந்த ஒவ்வொருவரிடமும், இந்தக் குறையை உங்களிடம் முதலில் சொன்னது யார் என்று கேட்கத் தொடங்கினேன். நானேதான் கவனித்தேன் என்றவர்கள் மிகச் சிலர். தோழி, அண்ணன், பிரிந்துபோன காதலன் என்று பலவிதமாகப் பதில் வந்தது. அம்மா என்று சொன்னவர்கள் மட்டும், அதைச் சொல்லும் முன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.