ஆதிச்சநல்லூருக்கு குடும்பத்தோட போகலாமா, வேஸ்டா?

பைக்பாண்டி:
போன வாரம் திருச்செந்தூர் போற வழில இறங்குனோம். கண்ணாடி மேல நடந்துகிட்டே குழிக்குள்ள இருக்குற தாழிய, அதான் அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சுப் பொதச்ச பெரிய மண்பானைய, பாக்கலாம்னாங்க, பாத்தோம், பத்தே நிமிஷம், பையன் "இவ்ளோதானாப்பா"ங்குறான். 114 ஏக்கர்ங்குறாங்க, மத்ததெல்லாம் பொட்டலாத்தான் கெடக்கு. தங்க நெத்திப் பட்டம், மூடியில எருமை நிக்கிற வெண்கலச் சாமான் எல்லாம் எழும்பூர் மியூசியத்துல. பேசாம அங்கயே போயிருக்கலாம்.

பொருநைக்கரையான்:
அண்ணாச்சி, அது ஆதிகாலத்து இடுகாடு, பொருட்காட்சி இல்ல. எங்க பக்கம் பரம்புன்னு சொல்லுவோம். 1876-ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி பெர்லினுக்கு அள்ளிட்டுப் போனாரு, அப்புறம் 1899-ல இருந்து தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டுனது மெட்ராஸ் போச்சு, இப்பத்தான் தாழிய இருந்த எடத்துலயே வச்சு காட்டுதாங்க, அதப் போயி பத்து நிமிஷம்னு சொல்லுதிய.

மண்வாசி:
ரெண்டு பேருமே தப்பு. அதை எதுக்கு டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கணும்? 2004-ல தோண்டுனாங்க, காலக் கணிப்பு வெளிய வந்தது 2019-ல, அதுவும் கோர்ட்ல கேஸ் நடந்ததாலதான். கி.மு. 905, கி.மு. 696-னு ரெண்டு தேதி. மொதல்ல ஆராய்ச்சிய ஒழுங்கா பண்ணுங்கய்யா, செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்.

பொருநைக்கரையான்:
ஆளே வராம கெடந்தப்ப மட்டும் ஆராய்ச்சி ஓடுச்சாக்கும்? நாலு பேரு வந்து பாத்தாத்தான் ரிப்போர்ட் எங்கன்னு கேப்பான்.

மண்வாசி:
கேஸ் போட்டவங்க கண்ணாடியில நடந்து பாத்துட்டா போட்டாங்க? அந்தக் கண்ணாடி 2023-லதான் வந்துச்சு.

பொருநைக்கரையான்:
சரி, அது நியாயந்தான். ஆனா கேஸ் போடுற அளவுக்கு எத்தன பேருக்கு அக்கற இருக்கும், சொல்லுங்க.

பைக்பாண்டி:
அப்ப சாமானையும் கொண்டாந்து வைங்க. அந்தப் பட்டத்துல ரெண்டு நுனியிலயும் ஓட்ட இருக்காம், நெத்தியில கட்டுறதுக்குன்னு. அதை தாழி பக்கத்துலயே வச்சு காட்டுனா என் பையன் ஒரு மணி நேரம் நகர மாட்டான்.

மண்வாசி:
தங்கத்த பொட்டல்ல வச்சுட்டு ராத்திரி யாரு காவல் இருப்பா, நீங்களா?

பைக்பாண்டி:
ஒரிஜினல யாரு கேட்டா, அச்சு அசலா ஒண்ணு செஞ்சு வச்சாக்கூட போதும்.

பொருநைக்கரையான்:
அத நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா பட்டம் இல்லன்னாலும் பையன்கிட்ட சொல்லுறதுக்கு விஷயம் இருக்கு அண்ணாச்சி. ரீ தோண்டுன தாழியில நெல் உமி இருந்துருக்கு. செத்தவங்களுக்கும் சோறு வச்சு அனுப்பிருக்காங்கன்னு சொல்லிப் பாருங்க. எங்க ஆச்சி பரம்பு பக்கம் போனா செருப்ப கழட்டிருவா, எதுக்குன்னு கேட்டா திட்டுவா.