புரட்சி வீரரின் பூர்வீக வீட்டை நினைவில்லமாக்குவது எப்படி?

கேள்வி:
வெள்ளையரை எதிர்த்துச் சிறை சென்ற புரட்சி வீரர் பிறந்த வீடு எங்கள் ஊரில் இருக்கிறது. மெட்ராஸ் ஒட்டுக் கூரை (தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே தட்டோடு பதித்த தட்டைக் கூரை), சுண்ணாம்புச் சுவர். வாரிசுகள் நினைவில்லமாகத் தரச் சம்மதிக்கிறார்கள். பத்திரம் எப்படிப் போடுவது? கூரை ஒழுகுகிறது, சுவரின் அடியில் பூச்சு உதிர்கிறது. இடித்துவிட்டு மணிமண்டபம் கட்டலாம் என்கிறார்கள் சிலர்.

பதில் 1:
தானப் பத்திரம் போட்டுப் பதிவு செய்யுங்கள். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 123-ஆம் பிரிவுப்படி குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும். வாரிசு ஒருவர் விட்டுப்போனால் அவர் பங்கு தானத்தில் சேராது, பின்னால் பாகப்பிரிவினை வழக்கு வரும். ஆகவே வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றிலும் பெயரும் அளவும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். அரசிடம் ஒப்படைப்பதென்றால் கலெக்டர் வழியாகச் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கு மனுக் கொடுங்கள். ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவில்லம் அந்தத் துறையின் பராமரிப்பில்தான் இருக்கிறது.

பதில் 2:
தயவுசெய்து இடிக்காதீர்கள். மணிமண்டபத்தை எந்த ஊரிலும் கட்டலாம், அவர் பிறந்த அறையை மறுபடி கட்ட முடியாது.

மெட்ராஸ் ஒட்டில் ஒழுகல் பெரும்பாலும் மேல் தட்டோட்டின் இடுக்கிலோ கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலோ தொடங்கும். பழுதான ஓடுகளை மட்டும் எடுத்துச் சுண்ணாம்புக் கலவையில் திரும்பப் பதித்தால் போதும். மேலே கான்கிரீட் ஊற்றினால் பாரம் ஏறும், உள்ளே போன ஈரம் வெளியேறாது, தேக்குச் சட்டங்கள் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் நுனியில் உளுத்துப்போகும். அந்த நுனியைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடிச்சுவர் உதிர்வது மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தாலும் உப்பாலும். தெருவை மேலே மேலே போட்டு வெளித்தரை உயர்ந்திருக்கிறதா பாருங்கள், முதலில் தண்ணீரை வடிய விடுங்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3 என்று கலந்து, சுமார் 10 மி.மீ. கனத்தில் அடுக்கடுக்காகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். மேலே எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளைதான்.

பதில் 3:
கடிதம், புகைப்படங்களின் மூலத்தைச் சுவரில் மாட்டாமல் நகலை வையுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. மூலத்தையே காட்டுவதானால் வெளிச்சம் 50 லக்ஸ் தாண்டக் கூடாது.

திறப்பு விழாக் கல்வெட்டைப் பழைய சுவரில் துளையிட்டுப் பதிக்காதீர்கள், முற்றத்தில் தனிக்கல்லாக நடுங்கள். விதித்த தண்டனையையும் சிறையில் இருந்த காலத்தையும் அதில் தனித்தனியே எழுதுங்கள். வ.உ.சி.க்கு 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டு, விதித்தார்கள், மேல்முறையீட்டில் குறைந்தது, 1912 டிசம்பரில் விடுதலையானார். "40 ஆண்டு சிறை" என்று மட்டும் பொறித்தால் படிக்கிற பிள்ளைகள் அத்தனை வருடமும் உள்ளே இருந்தார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.