பைக் பெட்டி புதுப்பிப்பு: ஏற்காடு போய் வந்தாச்சு

போன மாதம் இங்கே, "பைக்கின் பின்னால் டாப் பாக்ஸ் (சாமான் பெட்டி) மாட்டினால் போலீஸ் பிடிப்பார்களா, ஆர்சி புக்கில் ஏற்ற வேண்டுமா?" என்று கேட்டிருந்தேன். மாட்டிவிட்டேன்.

2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தில் அளவு இருக்கிறது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டி பின்சீட்டிலேயே உட்கார்ந்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம். பின்சீட்டுக்குப் பின்னால் இருந்தால் இன்னொருவரும் ஏறலாம். என்னுடையது இரண்டாவது வகை. இல்லையென்றால் வீட்டில் சண்டை வந்திருக்கும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் பார்த்துக்கொண்டேன். சாவி மூலம் கழற்றி மாட்டுகிற பெட்டி என்பதால் ஆர்சி பக்கம் போகவில்லை. வண்டியை வெட்டி வெல்டிங் வைத்தால் கதை வேறு.

சோதனை ஓட்டம் ஏற்காடுதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பெட்டியில் ரெயின்கோட், தண்ணீர், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. மூன்றாவது வளைவிலேயே முன்சக்கரம் லேசாகிவிட்ட மாதிரி ஹேண்டில் அலைந்தது. நிறுத்தி, தண்ணீர் பாட்டில்களை முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும் பைக்குள் மாற்றினேன், சரியாகிவிட்டது. மேலே போய்ப் பார்த்தால், பெட்டியைத் தாங்கும் பிராக்கெட்டின் ஒரு நட் பாதி கழன்றிருக்கிறது! மாட்டிய கடையில் வாஷர்கூடப் போடவில்லை. இப்போது நாலிலும் லாக் நட்.

திரும்பும்போது பெட்டி நிறைய காபித்தூளும் மிளகும். மூடியைத் திறந்தால் இன்னும் அந்த வாசம்.