விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு: மின்சாரம், தீ விஷயத்தில் எதெல்லாம் நம் பொறுப்பு?

கேள்வி:
விடுமுறைக்கு வருபவர்களுக்கு விட ஒரு சிறிய வீட்டைத் தயார் செய்கிறேன். வயரிங் பழையது. எலக்ட்ரீஷியன் “எல்லாம் ஓடுதே, அப்புறம் என்ன?” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1:
வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வயரைத்தான் காக்கும், ஷாக் வாங்கும் ஆளைக் காக்காது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே டிரிப் ஆக வேண்டும். ஹீட்டர், கெட்டில் செருகும் பாயின்ட் பழுப்பேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அங்கே சூடேறுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் இணைப்பு தளர்ந்திருக்கும்.

பதில் 2:
என் கவலையெல்லாம் தூங்குகிறவர்கள்தான். புதிதாக வந்தவருக்கு இருட்டில் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. படுக்கையறைக்கு வெளியே புகை அலாரம் கட்டாயம் வையுங்கள். சமையலறைக்கு வெப்ப அலாரம்தான் சரி. புகை அலாரம் என்றால் சமைக்கும்போதெல்லாம் கத்தும், யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். 10 ஆண்டானால் அலாரத்தையே மாற்றிவிடுங்கள். வாசல் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டுதான் இருக்கிறது. அதை முதலில் மாற்றுகிறேன்.

பதில் 2:
நல்லது. ஒவ்வொருவரும் காலி செய்ததும் அலாரத்தை அழுத்திப் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.