லூவனை விட்டுக் கிளம்பிய வெள்ளிக்கிழமை

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க இராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்து, பெப்ரவரி நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து பெல்ஜியத்தின் லூவன் நகரத்துக்குப் போனேன். ஜூன் கடைசியில் திரும்பினேன். இந்த நாலரை மாதத்தில் நடந்தவற்றில் ஒரு சந்திப்பை மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

லூவனில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் 'கொட்' என்று பெயர். நான் இருந்த வீட்டில் எட்டு அறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே குசினி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால் வீடு வெறிச்சோடிவிடும். பெல்ஜிய மாணவர்கள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவார்கள். ஞாயிறு இரவு தோய்த்த உடுப்பும் அம்மா சமைத்துக் கொடுத்த சாப்பாடுமாகத் திரும்பி வருவார்கள். கல் பாவிய தெருவில் அந்தச் சக்கரங்கள் உருளும் சத்தத்தை முதல் மாதம் என்னால் கேட்கவே முடியவில்லை. என்னைத் தவிர எல்லோருக்கும் ரயிலேறினால் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு வீடு இருந்தது. பக்கத்து அறைப் பெண் மேற்கு பிளாண்டர்ஸ்காரி. போகும்போது என் கதவைத் தட்டி "டொட் சொன்டாக்" என்பாள். ஞாயிறு சந்திப்போம் என்று அர்த்தம். நான் முதலில் பழகிய டச்சு அதுதான்.

மே கடைசியில் வகுப்புகள் முடிந்து 'பிளொக்' தொடங்கியது. பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்கென்றே விடுகிற நாட்கள். ஊரே அடங்கிப்போய்விடும். அவுடெ மார்க்ட் சதுக்கத்தில் இரவிரவாக நிறைந்திருந்த மேசைகள்கூடக் காலியாகக் கிடந்தன. காலையில் நேரத்தோடு போகாவிட்டால் வாசிப்பறைகளில் இடம் கிடைக்காது. நான் லடேஸ் சதுக்கத்தில் இருக்கும் பெரிய நூலகத்துக்குத்தான் போவேன். மணிக்கூண்டுக் கோபுரம் உள்ள கட்டடம். அதற்கு முன்னால், வானத்தை நோக்கி நிற்கும் நீண்ட ஊசியில் ஒரு பச்சை வண்டைத் தலைகீழாகக் குத்தி வைத்திருப்பார்கள்.

அந்த நூலகத்தின் கதை எனக்கு வரும்போதே தெரியும். 1914 ஓகஸ்டில் ஜேர்மன் படைகள் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் நூல்கள் போயின. அமெரிக்காவில் சேர்த்த பணத்தில் இந்தப் புதுக் கட்டடம் எழுந்து 1928இல் திறக்கப்பட்டது. 1940 மே மாதம் அதுவும் எரிந்தது. இரண்டாவது தடவை போனவை கிட்டத்தட்ட ஒன்பது லட்சம்.

ஜூன் 1ஆம் திகதி காலை அங்கேதான் இருந்தேன். 1981 மே 31 இரவு பற்றவைத்து விடியும் வரை எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகம், அதிலிருந்த 97,000 நூல்கள், பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து தீயைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரை விட்ட தாவீது அடிகளார், எல்லாம் சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்தவை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

அடுத்த ஞாயிறு ரயில் வேலைநிறுத்தம். பக்கத்து அறைப் பெண்ணை அவளுடைய அம்மப்பா காரில் கொண்டுவந்து விட்டார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒரு பானை தக்காளி சூப்பைத் தானே மாடிக்குத் தூக்கி வந்தார். மூன்று பேருமாகக் குசினியில் இருந்து குடித்தோம். தானும் இங்கேதான் படித்ததாகச் சொன்னார், 1968இல். சூப் முடிந்ததும், வா, ஒன்று காட்டுகிறேன் என்று என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனார்.

வெளிச்சுவரில் பல கற்களில் பெயர் வெட்டியிருக்கிறது. பணம் அனுப்பிய அமெரிக்கப் பாடசாலைகள், கல்லூரிகள். தினமும் அவற்றைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறேன், நின்று வாசித்ததில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தடவி வாசித்துக் காட்டினார். பிறகு, நெருப்பில் தப்பியதை நாங்களே பிரித்துப்போட்டோம் என்றார்.

அந்தக் காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தில் டச்சும் பிரெஞ்சும் இருந்தன. பிரெஞ்சுதான் பெரிய இடத்து மொழி. டச்சு பேசும் மாணவர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்களைச் சொல்லி "வலோன்காரர் வெளியே" என்று கத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அந்தப் பிரச்சினையில் 1968 பெப்ரவரியில் அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பகுதி தனிப் பல்கலைக்கழகமாகி, லூவன்-லா-நெவ் என்று புதிதாகக் கட்டிய ஊருக்குப் போனது. நூல்களையும் பங்கு போட்டார்கள். அடுக்கு எண் ஒற்றை என்றால் ஒரு பக்கம், இரட்டை என்றால் மறுபக்கம். தானும் கத்தியவர்களில் ஒருவன் என்றார் அவர்.

தன் மொழிக்காகத் தெருவில் இறங்கிய இளைஞன் பக்கம் என் மனம் உடனே சாய்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் சாயும். ஆனால் புத்தகத்தை ஒற்றை, இரட்டை என்று எண்ணிப் பிரித்தார்கள் என்றதும் நெஞ்சில் என்னவோ செய்தது. அவருக்கும் அது ஆறவில்லை. முப்பது கிலோமீட்டர் அளவு தூரத்தில் இருந்த அந்த ஊருக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் முதல் தடவையாகப் போனாராம். மாணவனாக இருந்தபோது படித்த ஒரு புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். அங்கே இருந்ததாம். ஒரு பின்னேரம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தாராம்.

அப்புறம் நான் எங்கள் கதையைச் சொன்னேன். வழக்கமாக இதைக் கேட்கிறவர்கள், யார் எரித்தது, ஏன் என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்டது, ஏதாவது மிஞ்சியதா என்று.

மிஞ்சியது. எங்கள் அம்மப்பா அந்த மே மாதம் இரவல் எடுத்து வந்த தாவரவியல் புத்தகம் ஒன்று. திருப்பிக் கொடுக்க நூலகம் இருக்கவில்லை. எத்தனையோ இடப்பெயர்வில் அதையும் காவிக்கொண்டு திரிந்து, இப்போது அம்மாவின் அலுமாரியில் கடதாசி சுற்றி இருக்கிறது. உள்ளே திகதி முத்திரைகூட அழியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நூலகம் திரும்பத் திறந்ததா என்று கேட்டார். 2003இல் திறந்தார்கள் என்றேன். அப்போது கொடுத்தீர்களா என்றார்.

எங்கள் வீட்டில் ஒருவரும் அதை யோசித்ததே இல்லை. இரவு அம்மாவுக்கு அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ முதல்ல வா, கதைப்பம்" என்றார்.

பரீட்சைகள் முடிந்தன. இரண்டு வாய்மொழிப் பரீட்சை. கேள்வியைத் தந்து யோசிக்க நேரம் விடுவார்கள், பிறகு பேராசிரியருக்கு எதிரில் இருந்து பதில் சொல்ல வேண்டும். முதலாவதில் நடுங்கினேன், இரண்டாவது பரவாயில்லை. 20க்கு 10 எடுத்தால் சித்தி, எல்லாவற்றிலும் அதைத் தாண்டிவிட்டேன். வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தேன். நகரசபையில் பதிவை நீக்கினேன்.

நான் கிளம்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் தடவையாக நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கல்தெருவில் போனேன், பக்கத்து அறைப் பெண்ணும் கூட வந்தாள். அவளுக்கு ஊருக்குப் போகும் ரயில், எனக்கு விமான நிலைய ரயில். கால்மணி நேரப் பயணம்தான். தன் அம்மப்பா தந்ததாக ஒரு கடித உறை கொடுத்தாள். அந்தக் கற்சுவரை அவர் எடுத்த படம் உள்ளே இருந்தது. என்னுடைய ரயில் முதலில் வந்தது. அவள் கட்டிப்பிடித்துவிட்டு, பழக்கத்தில், "டொட் சொன்டாக்" என்றாள்.

நானும் "டொட் சொன்டாக்" என்றேன்.