கேபிளை நிறுத்திவிட்டு கேம் கன்சோலிலேயே படம் பார்ப்பது சரிப்படுமா?

அரைத்தூக்கம்:

கேபிளுக்கு மாதாமாதம் கட்டுகிற பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. சேனல்கள் எண்ணி மாளாது, ஆனால் வீட்டில் உருப்படியாகப் பார்ப்பது நாலோ ஐந்தோதான். நானும் மனைவியும் படம், வெப் சீரிஸ் எல்லாமே ஓடிடியில் பார்க்கிற ஆட்கள், அதையும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. டிவி 4கே தான், ஆனால் கொஞ்சம் பழசு, அதற்குள்ளேயே இருக்கிற ஆப்கள் திறப்பதற்குள் படம் பார்க்கிற ஆசையே போய்விடும். டிவிக்குக் கீழே டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) ஒன்று இருக்கிறது, வாரக் கடைசியில் கேம் ஆடுவதோடு சரி. அதிலேயே எல்லா ஓடிடியையும் போட்டுவிட்டு கேபிளைத் தலைமுழுகிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பிஎஸ் பிளஸ் சந்தா இல்லாமல் இந்த ஆப்கள் ஓடுமா? படத்தின் தரம் செட்டாப் பாக்ஸைவிட நன்றாக இருக்குமா? தினமும் நாலு மணி நேரம் ஓடினால் கன்சோல் சீக்கிரம் தேய்ந்துபோகுமா, கரண்ட் பில் எகிறுமா? அப்புறம் அப்பா. அவருக்குச் செய்தியும் விளையாட்டு நேரலையும் வேண்டும், கன்ட்ரோலரைக் கொடுத்தால் வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்துவிடுவார். அலமாரியில் பழைய பிஎஸ்3 ஒன்றும் கிடக்கிறது, படுக்கையறை டிவிக்கு அதை மாட்டினால் பிரயோசனம் உண்டா?

நள்ளிரவுகேமர்:

பிஎஸ் பிளஸ் வேண்டாம் ப்ரோ. அது ஆன்லைனில் கேம் ஆடுவதற்கும் மாதாமாதம் கொடுக்கிற கேம்களுக்கும்தான். நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் இதெல்லாம் இலவச பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கு ஒன்றும் அந்தந்த ஆப்பின் சந்தாவும் இருந்தால் ஓடும். இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் ஏன் வருகிறது என்றால் ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் நிலைமை அப்படித்தான் இருந்தது. 2008 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு நெட்ஃப்ளிக்ஸ் வந்தபோது அதற்கும் கட்டி, மைக்ரோசாஃப்டின் கோல்டு சந்தாவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 2014இல்தான் அதை எடுத்தார்கள். பிஎஸ்3இல் இப்படி இரட்டைச் செலவு இல்லை, ஆனால் 2009இல் அது அங்கே வந்தபோது தபாலில் அனுப்புகிற ஒரு டிஸ்க்கை உள்ளே போட்டால்தான் நெட்ஃப்ளிக்ஸ் திறக்கும். இன்டர்நெட்டில் படம் பார்க்க டிஸ்க் போட வேண்டும், என்ன கூத்து பாருங்கள்.

தேய்மானம் பற்றிக் கவலை வேண்டாம். படம் ஓடும்போது கேம் ஆடுகிற அளவுக்குச் சிப்புக்கு வேலையே கிடையாது, ஃபேனும் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். மூடிய அலமாரிக்குள் திணிக்காமல் பின்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள், தூசியை அவ்வப்போது எடுங்கள், அது போதும்.

பிஎஸ்3 விஷயம் வேறு. ஓடிடி கம்பெனிகள் பழைய கன்சோல்களை ஒவ்வொன்றாகக் கைகழுவிவிடுகின்றன. நின்டெண்டோவின் வீ கன்சோலில் நெட்ஃப்ளிக்ஸ் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது, அவர்களுடைய வீ யூவிலும் 3டிஎஸ்ஸிலும் 2021இல் நின்றது. இன்று ஓடுகிற ஆப் நாளை ஓடும் என்று பிஎஸ்3ஐ நம்பாதீர்கள். ஆனால் அது நல்ல ப்ளூரே பிளேயர், படுக்கையறையில் டிஸ்க் போட்டுப் பார்க்கத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

வயர்பைத்தியம்:

தரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கேபிளில் எச்டி என்று வருவதே பெரும்பாலும் 720p அல்லது 1080i என்கிற, 4கேவைவிடக் குறைந்த தெளிவுதான், அதையும் ஒரே வயரில் நிறைய சேனலைத் திணிப்பதற்காக நன்றாக அழுத்தித்தான் அனுப்புவார்கள். ஓடும் காட்சியிலும் புகை, மழைக் காட்சியிலும் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். பிஎஸ்5இல் 4கே எச்டிஆரில் (வெளிச்சமும் நிறமும் இன்னும் நன்றாகத் தெரிகிற வடிவம்) ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கேட்காமலே தெரியும்.

ஆனால் அதற்குச் சில விஷயம் கூடி வர வேண்டும். முதலில் சந்தா. நெட்ஃப்ளிக்ஸில் மேல்தட்டு பிளானில்தான் 4கே உண்டு, கீழ் பிளானை வைத்துக்கொண்டு கன்சோலைத் திட்டக்கூடாது. அடுத்தது வேகம். நெட்ஃப்ளிக்ஸே சொல்கிற கணக்கு, 1080பிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. இது ஒரு திரைக்கு மட்டும், அதே நேரத்தில் வீட்டில் வேறு யாராவது எதையாவது டவுன்லோடு செய்தால் அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் ரூட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வைஃபையில் 200 எம்பிபிஎஸ் காட்டுகிறது, அப்படியும் பஃபர் ஆகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய பேர், சிக்கல் வேகத்தில் இல்லை, நடுவில் இருக்கிற சுவரிலும் பக்கத்து வீட்டு வைஃபை நெரிசலிலும்தான்.

இன்னொன்று, டால்பி விஷன் என்கிற மேம்பட்ட எச்டிஆரை பிஎஸ்5 தராது, சாதாரண எச்டிஆர்10 தான். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸும் எஸ்ஸும் ஓடிடி ஆப்களில் டால்பி விஷன் தரும். உங்கள் டிவி டால்பி விஷன் உள்ளதாக இருந்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும், இல்லையென்றால் இதைப் படித்ததையே மறந்துவிடுங்கள். சவுண்ட்பார் இருந்தால் கன்சோலின் ஆடியோ அமைப்புக்குள் போய் டால்பி வெளியீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிஎஸ்5க்கு டால்பி அட்மாஸ் என்கிற சுற்றொலி 2023இல்தான் வந்தது.

மீட்டர்மணி:

எல்லோரும் கன்சோலைப் புகழ்கிறீர்கள், கரண்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படம் ஓடும்போது மாடலைப் பொறுத்து பெரிய கன்சோல் சுமார் 50 முதல் 70 வாட் வரை இழுக்கும். டிவியின் பின்னால் செருகுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அதே படத்தை 3, 4 வாட்டில் காட்டிவிடும். தினம் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 70 வாட் கன்சோல் மாதத்துக்குச் சுமார் 8 யூனிட், ஸ்டிக் அரை யூனிட்கூட இல்லை. படம் பார்க்க மட்டும் கன்சோல் என்பது கடைக்குப் போக லாரியை எடுப்பது மாதிரி. ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிவிட்டுப் போங்கள்.

வயர்பைத்தியம்:

மணி சார், கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. அவர் நிறுத்தப்போகிற செட்டாப் பாக்ஸையும் சேருங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் உள்ளுக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கும், ரெக்கார்டிங் வசதி உள்ளவை இன்னும் மோசம். 15 வாட் என்று வைத்தால்கூட 24 மணி நேரமும் ஓடி மாதத்துக்கு 10 யூனிட்டைத் தாண்டும். பெட்டி போனாலே கன்சோலின் கணக்கு நேராகிவிடும். ஸ்டிக்தான் சிக்கனம் என்பதில் எனக்கு மறுப்பில்லை, கன்சோல் இல்லாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் நானும் ஸ்டிக்தான் சொல்வேன். கையில் இருப்பதை வைத்து முதலில் பார்க்கலாமே என்பதுதான் என் கட்சி.

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. செட்டாப் பாக்ஸ் தொட்டால் எப்போதும் சூடாக இருப்பதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. லேன் கேபிள் இழுப்பது பெரிய வேலை இல்லை, ரூட்டர் அதே அறையில்தான் இருக்கிறது. அப்பா விஷயத்துக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. யாராவது வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறீர்களா?

மூன்றாம்வரிசை:

செய்திருக்கிறேன், என் மாமியாரோடு. படத் தரம், வாட் கணக்கெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேபிளை நிறுத்துவது நிலைக்குமா என்பதை முடிவு செய்வது உங்கள் அப்பாதான், அதனால் அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

கன்ட்ரோலரை அவரிடம் கொடுக்கவே வேண்டாம். பிஎஸ்5இல் அமைப்புகள், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று உள்ளே போனால் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்று ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். டிவியிலும் அதற்கு ஜோடியாக ஒன்றை இயக்க வேண்டும், சிஇசி என்பது அதன் பொதுப்பெயர், ஆனால் சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் பேச ஆரம்பித்தால் டிவி ரிமோட்டின் அம்புக்குறி, ஓகே பட்டன்களே கன்சோலில் வேலை செய்யும். சரியாக ஒத்துவராத டிவி என்றால் சோனியே பிஎஸ்5க்கு ஒரு மீடியா ரிமோட் விற்கிறது, சாதாரண ரிமோட் மாதிரியே இருக்கும், நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் பட்டன் எல்லாம் அதிலேயே உண்டு. எங்கள் வீட்டில் மாமியார் அதைத்தான் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். கன்ட்ரோலரில் படம் பார்ப்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது, சோபாவில் யாராவது அதன் மேல் உட்கார்ந்தால் படம் பத்து நிமிடம் பின்னால் ஓடிவிடும்.

செய்திக்குப் பிரச்சினை குறைவு, நிறைய செய்திச் சேனல்கள் யூடியூபிலேயே நேரலையாக ஓடுகின்றன. உங்கள் அப்பா பார்க்கிற சேனல் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளையாட்டுதான் சிக்கல். எந்தப் போட்டியின் உரிமை எந்த ஆப்பிடம் என்பது ஒவ்வொரு தொடருக்கும் மாறும், அந்த ஆப் பிஎஸ்5இல் கிடைக்கிறதா என்பதும் உங்கள் பிஎஸ்என் கணக்கு எந்த நாட்டுக்குப் பதிவானது என்பதைப் பொறுத்தது. போனில் இருக்கிற ஆப் எல்லாம் கன்சோலிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்டோரில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் கேபிளில் கை வையுங்கள். ஆப் கிடைத்தாலும் ஓடிடி நேரலை பெரும்பாலும் கேபிளைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்ட பிறகு இங்கே பந்து வீசுவார்கள். எனக்கு அது பொருட்டில்லை, உங்கள் அப்பாவுக்கு எப்படியோ.

கேபிள்காரர்களிடம் பேசுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இன்டர்நெட்டும் அவர்களிடமே வாங்கியிருந்தால் டிவியை எடுத்தவுடன் நெட் கட்டணம் ஏறலாம், சேர்த்து வாங்கியதால் கிடைத்த தள்ளுபடி போய்விடும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். நெட் பிளானில் டேட்டா வரம்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். 4கே மணிக்கு 7 ஜிபி வரை தின்னும், தினம் நாலு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 800 ஜிபிக்கு மேல் போய்விடும்.

நள்ளிரவுகேமர்:

டேட்டா கணக்கு நல்ல பாயின்ட். பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிற ஆள் என்றால் இன்னும் கவனம், பெயரைப் பார்த்தால் நீங்கள் அந்தக் கட்சி என்று தோன்றுகிறது. பவர் சேமிப்பு அமைப்பில் கேம் ஆடும்போது எவ்வளவு நேரத்தில் ரெஸ்ட் மோடுக்கு (கன்சோல் தானாகத் தூங்கும் நிலை) போக வேண்டும், படம் ஓடும்போது எவ்வளவு நேரத்தில் என்று தனித்தனியாக வைக்கலாம், படத்துக்கு இருப்பதைக் குறைத்துவிடுங்கள்.

சும்மா ஒரு தகவல், 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது அதன் பின்னால் எச்டிஎம்ஐ உள்ளீடு ஒன்று வைத்தார்கள். கேபிள் பெட்டியைக் கன்சோலுக்குள் செருகி, கன்சோல் வழியாகவே சேனல் பார்க்க வேண்டும் என்பது திட்டம். 2020இல் சீரீஸ் எக்ஸ் வந்தபோது அந்தத் துளையையே காணோம்.

தட்டுசேகரிப்பு:

டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5ஐ வைத்துக்கொண்டு ஓடிடியை மட்டும் பேசுகிறீர்களே! அது 4கே ப்ளூரே பிளேயர். ஓடிடியில் 4கே என்பது 15 எம்பிபிஎஸ் பக்கம் வருகிறது, 4கே டிஸ்க்கில் அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ்ஸையே தாண்டும். இருட்டுக் காட்சிகளில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஒலியில் இன்னும் அதிகமாக. நூலகத்தில் டிஸ்க் இரவல் கிடைக்கிற ஊர் என்றால் விட்டுவிடாதீர்கள். ஒரே குறை, ஆடியோ சிடியை பிஎஸ்5 வாசிக்காது.

எனக்கு டிஸ்க் மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கன்சோல் ஸ்டோரில் படம் வாங்கியவர்கள் கதியைப் பார்த்ததால். பிளேஸ்டேஷன் ஸ்டோர் 2021 ஆகஸ்டோடு படம் விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் நிறுத்தியது. மைக்ரோசாஃப்டும் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வாங்கியதைப் பார்க்கலாம் என்றார்கள், ஆனால் 2022இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்டுடியோகனால் என்கிற நிறுவனத்தின் படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் பட்டியலிலிருந்தே சோனி எடுத்துவிட்டது, உரிமம் முடிந்ததாம். கன்சோலில் சந்தா கட்டிப் பாருங்கள், டிஸ்க் போட்டுப் பாருங்கள். படத்தை அதில் வாங்கி வைக்காதீர்கள்.

மீட்டர்மணி:

சரி, பெட்டியைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடிடி சந்தா நாலைந்து சேர்ந்தால் கேபிள் பில்லை எட்டிப்பிடித்துவிடும், அதை யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வைத்திருக்காதீர்கள். ஒன்றில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் அதை ரத்து செய்துவிட்டு அடுத்ததை எடுங்கள், பெரும்பாலும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கேபிளில் இப்படி மாதத்துக்கு மாதம் மாற்ற முடியுமா?

அரைத்தூக்கம்:

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், டிவியும் நெட்டும் சேர்த்துத்தான் இருக்கிறது, முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது நிறுத்தினால் அபராதம். அதனால் அதுவரை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அப்பா கன்சோலில் மட்டும் பார்த்துப் பழகட்டும் என்று முடிவு. செய்திச் சேனல் யூடியூபில் இருக்கிறது. டிவைஸ் லிங்க்கை கன்சோலில் இயக்கிவிட்டேன், டிவியிலும் இயக்கிவிட்டேன், ஆனாலும் ரிமோட் அம்புக்குறிக்கு கன்சோல் அசையவே இல்லை.

மூன்றாம்வரிசை:

இரண்டையும் அணைத்து பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து முதலில் டிவியையும் அப்புறம் கன்சோலையும் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டிவியில் வேறு எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றிப் பாருங்கள், வயர் கன்சோலோடு வந்ததாகவே இருக்கட்டும்.